கிடந்த எலும்பு யாருடையது?



ஏரி வற்றினால் கரையோரம் எலும்பு தெரிகிறது. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினால் எலும்பு வருகிறது. காட்டோரப் பாதையிலும் கடற்கரை மணலிலும் வைக்கோல்போருக்கு அடியிலும் கிடக்கிறது. பார்த்தவர்கள் பெரும்பாலும் முகம் சுளித்து விலகிப் போகிறார்கள். விலகாதவர்கள், மனத்தில் முதலில் தோன்றிய பெயரை அதற்கு வைத்துவிடுகிறார்கள். சின்னதாக இருந்தால் குழந்தை, கோரைப்பல் நீண்டிருந்தால் சிறுத்தை, ஆள் உயரத்துக்கு இருந்தால் டைனோசர். மாலைக்குள் அந்தப் பெயர் கைபேசிகளில் ஏறி மாவட்டம் முழுக்கப் போய்விடுகிறது.

விலகிப் போவதும் அவசரப்பட்டுப் பெயர் வைப்பதும் எலும்பைப் பார்க்காமல் இருப்பதற்குச் சமம். இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான்: எலும்பைக் கண்டதும் ‘இது எந்த விலங்கு’ என்று கேட்காதீர்கள். ‘இது உடம்பில் என்ன வேலை செய்தது’ என்று கேளுங்கள். வேலை பிடிபட்டால் விலங்கு நெருங்கி வரும். எலும்பு எதுவரை சாட்சி சொல்கிறதோ, அதுவரை மட்டும் நாமும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தொடுவதற்கு முன்

முதலில் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். எலும்பு கிடக்கும் இடமே பாதிச் செய்தி. தனியாகக் கிடக்கிறதா, கூட்டமாகவா? மேலே கிடக்கிறதா, மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறதா? பக்கத்தில் கறிக்கடை உண்டா, சுடுகாடு உண்டா, தண்ணீர் அரித்துக் கொண்டுவந்த தடம் உண்டா? பக்கத்தில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து, கிடந்த நிலையிலேயே நான்கு புறமும் படம் எடுங்கள். இடத்தையும் நாளையும் எழுதுங்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்ட எலும்புக்கு இந்தச் செய்தியைப் பிறகு திருப்பித் தர முடியாது.

மனித எலும்பாக இருக்குமோ என்ற ஐயம் துளியளவு எழுந்தாலும் அசைக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் தடயவியல் மருத்துவர்கள். தாழியோடும் பழைய பானை ஓடுகளோடும் எலும்பு வெளிப்பட்டால் வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள்.

காட்டு விலங்கின் எலும்பு, கொம்பு, பல், நகம் எதுவானாலும் எடுத்து வீட்டில் வைக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை அரசின் சொத்தாகக் கொள்கிறது. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 39ஆவது பிரிவு. மான் தானாக உதிர்த்த கொம்பும் இதில் அடங்கும். படம் எடுப்போம், குறிப்பு எழுதுவோம், வனத்துறைக்குச் சொல்வோம். எலும்பு அங்கேயே இருக்கட்டும்.

மேய்ச்சல் நிலத்தில் காரணம் தெரியாமல் திடீரென்று செத்த மாட்டின் உடலையோ எலும்பையோ தொடவே தொடாதீர்கள். அடைப்பான் நோய்க் கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். மற்ற எலும்புகளையும் கையுறை போட்டே எடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எலும்புதானா அது?

கல், மரத்துண்டு, சங்கு, பவளம் என்று எலும்பு போலத் தோன்றுபவை பல. உடைந்த முனையைப் பாருங்கள். எலும்பென்றால் வெளியே வழுவழுப்பான கெட்டி அடுக்கும் உள்ளே கண்ணறைகள் நிறைந்த வலைப்பின்னலும் இருக்கும். நீண்ட எலும்பின் நடுப்பகுதியில் மச்சை இருந்த குழாய் தெரியும். நரம்பும் இரத்தக்குழாயும் நுழைந்த சிறு துளை ஒன்றாவது தட்டுப்படும்.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் ஏரி மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைகள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. அவை அம்மோனைட் என்ற பழைய கடலுயிரியின் படிவங்களைச் சுற்றி வண்டல் இறுகி உருவான கல்லுருண்டைகள் என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். அரியலூர், பெரம்பலூர் நிலம் கிரிட்டேசியஸ் என்ற பண்டைய புவிக்காலத்தில் கடலடியாக இருந்தது. அந்த உருண்டைகள் அந்தக் கடலின் மெய்யான சாட்சிகள். முட்டை இல்லை என்றதும் ஊர் ஏமாந்துபோயிருக்கலாம். ஆனால் நம் வயலுக்கு அடியில் ஒரு கடல் இருந்தது என்பது அந்த வதந்தியைவிடப் பெரிய செய்தி இல்லையா?

எந்தக் கூட்டம்?

எலும்பு என்று உறுதியானதும் அது பாலூட்டியா, பறவையா, ஊர்வனவா, மீனா, தவளையா என்று பிரியுங்கள். பறவையின் எலும்பு கையில் எடுத்தவுடன் கனமின்மையால் தன்னைச் சொல்லிவிடும். சுவர் மெல்லியது, உள்ளே வெற்றிடம், சில எலும்புகளில் காற்றறைகள். பறக்கும் பறவையின் நெஞ்செலும்பில் நடுவே கத்திபோல் ஒரு மேடு எழுந்து நிற்கும். சிறகை அடிக்கும் தசை அதில்தான் பிடித்திருக்கிறது. சேவலின் காலிலும் ஆண்மயிலின் காலிலும் முள் முளைத்த இடம் எலும்பிலேயே கூராக நிற்கும்.

மீனின் முள்ளெலும்பு இரண்டு பக்கமும் கிண்ணமாகக் குழிந்திருக்கும். பாம்பின் முள்ளெலும்பில் முன்பக்கம் குழி, பின்பக்கம் குமிழ். ஒன்றன் குமிழ் அடுத்ததன் குழியில் உட்கார்ந்து சுழல்வதால்தான் பாம்பால் அப்படி நெளிய முடிகிறது. தவளைக்கு முள்ளெலும்புகள் மிகக் குறைவு, வால் பக்கம் ஒரே நீண்ட கோல். ஆமையின் ஓட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், விலா எலும்புகளே விரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கூரையானது தெரியும்.

பாலூட்டியை அறியக் கீழ்த்தாடை போதும். பக்கத்துக்கு ஒரே எலும்பு. ஊர்வனவற்றில் பல எலும்புகள் சேர்ந்து தாடை ஆகின்றன. கழுத்துக்கும் ஒரு விதி உண்டு. எலிக்கும் ஆட்டுக்கும் மனிதனுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் திமிங்கிலத்துக்கும் கழுத்து முள்ளெலும்புகள் 7தான். இந்த எண்ணிக்கையை மீறும் பாலூட்டிகள் மிகச் சிலவே. கழுத்து நீண்டால் ஒவ்வொரு எலும்பும் நீளுமே தவிர எண்ணிக்கை கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறிய எலும்பு என்றால் சிறிய விலங்கு என்று முடிவு செய்யாதீர்கள். இளம் விலங்குகளில் நீண்ட எலும்பின் முனைகள் நடுத்தண்டோடு சேராமல் குருத்தெலும்பால் பிரிந்திருக்கும். இறந்தபின் முனை கழன்றுவிடும். கழன்ற இடம் மேடும் பள்ளமுமாக அலையலையாக இருக்கும். அதை உடைந்த எலும்பு என்று நினைப்பார்கள். அது கன்றின் எலும்பு, குட்டியின் எலும்பு. முனை ஒட்டியதா இல்லையா என்பதே வயதுக் கணக்கு.

பல் சொல்லும் வாழ்க்கை

மண்டையோடோ தாடையோ கிடைத்தால் நல்வாய்ப்பு. விலங்கு எதைத் தின்று பிழைத்தது என்பதைப் பல்லைவிடத் தெளிவாகச் சொல்லும் உறுப்பு இல்லை.

ஆடு, மாடு, எருமை, மான் இவற்றின் மேல்தாடை முன்பக்கத்தில் வெட்டுப்பல்லே கிடையாது. கீழே மட்டும் 8. கீழ்ப்பற்கள் புல்லை மேல் ஈறோடு அழுத்திப் பிடித்துப் பறிக்கின்றன. பிறகு ஒரு நீண்ட இடைவெளி, அதற்குப் பின் பக்கத்துக்கு 6 கடைவாய்ப்பற்கள், அவற்றின் மேற்பரப்பில் பிறைபிறையாக வரிகள். பல் உதிர்ந்த குழி வேறு, பல்லே முளைக்காத எலும்பு வேறு. முன்பற்கள் எளிதில் விழுந்துவிடும், ஆகையால் குழியைத் தேடிப் பாருங்கள். கீழே குழி இருந்து மேலே வழவழவென்று இருந்தால் அசைபோடும் விலங்கு. மேலேயும் வெட்டுப்பல் இருந்து உடலும் பெரிதானால் குதிரையையோ கழுதையையோ நினைக்கலாம்.

இந்தக் கீழ்ப்பற்களைக் கொண்டுதான் நம் மாட்டுச் சந்தைகளில் வயது பேசுகிறார்கள். பல் போடாத கன்று, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று தரகர் சொல்வதெல்லாம் உறுதியான உடற்கூறு அறிவு. ஏறத்தாழ 2 வயதில் பால்பல்லின் நடு இணை விழுந்து நிலைப்பல் முளைக்கிறது. 4 வயதைத் தாண்டும்போது நான்கு இணைகளும் மாறிவிடுகின்றன. சந்தையில் பல் பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்து வந்து வகுப்பில் பேசச் சொன்னால், பாடநூலில் இல்லாத பாடம் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

ஊன் தின்னும் விலங்கின் தாடையில் கோரைப்பல்லை எல்லோரும் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், பக்கவாட்டில் மேலும் கீழும் ஒன்றையொன்று உரசிக் கறியை அறுக்கும் வெட்டுக் கடைவாய்ப்பல். நாய்க்கும் நரிக்கும் மொத்தம் 42 பற்கள், முகம் நீளம். பூனைக்கும் சிறுத்தைக்கும் புலிக்கும் 30தான், முகம் குட்டை. செந்நாய்க்குப் பொதுவாக 40. கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு கடைசிப் பல் குறைவு. முதுமலையோரம் கிடக்கும் நாய் போன்ற தாடையில் இந்த ஒரு பல்லை எண்ணினாலே ஊர்நாயா செந்நாயா என்று நெருங்கிவிடலாம். கரையானை உறிஞ்சித் தின்னும் நம் கரடிக்கு மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் இல்லை, உறிஞ்சும் வழி அதுதான். எறும்புத்தின்னியாகிய அழுங்குக்குப் பல்லே இல்லை.

எலி, அணில், பெருச்சாளி, முள்ளம்பன்றி இவற்றுக்கு மேலும் கீழும் ஓரிணை உளிப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முயலும் அப்படித்தான், ஆனால் மேல் உளிப்பல்லுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இன்னொரு சின்ன இணை மறைந்திருக்கும். மூஞ்சூறு எலியைப் போலத் தோன்றினாலும் அதன் மண்டையோட்டில் கன்ன எலும்பு வளைவு இல்லை, பற்கள் பூச்சியைக் குத்தும் கூர்ப்பற்கள்.

ஒரு பல்லை மட்டும் நம்பலாமா? அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிடைத்த ஒரே ஒரு கடைவாய்ப்பல்லை வைத்து, ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் என்ற பேரறிஞர் 1922இல் மனிதக்குரங்கு இனம் ஒன்றுக்குப் பெயரே சூட்டினார். நெப்ராஸ்கா மனிதன் என்று இதழ்கள் கொண்டாடின. தொடர்ந்து தோண்டியபோது கிடைத்த சான்றுகளிலிருந்து அது பன்றிக்கு உறவான பெக்கரி என்ற விலங்கின் பல் என்று தெரிந்தது. 1927இல் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. பன்றியும் மனிதனும் எல்லாவற்றையும் தின்பவர்கள். ஒரே வேலையைச் செய்யும் பற்கள் ஒன்றுபோல் தேய்கின்றன. தேய்ந்த பன்றிப் பல்லை மனிதப் பல் என்று எண்ணிவிடும் தவறு இன்றும் எளிதில் நேரக்கூடியது.

மண்டையோட்டின் மற்ற அடையாளங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடு, மாடு, மான் இவற்றின் கண்குழி முழு வளையம். நாய், பூனை, பன்றி இவற்றில் வளையத்தின் பின்பக்கம் திறந்திருக்கும். குரங்கின் கண்குழி பின்சுவரோடு கிண்ணமாக மூடியிருக்கும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வெளிமானுக்கும் உள்ளே எலும்புக் கொம்பும் மேலே உறையும் உண்டு, அவை உதிர்வதில்லை. புள்ளிமானின் கொம்பும் கடமானின் கொம்பும் முழுக்க எலும்பு, உதிர்ந்து மறுபடி முளைப்பவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் குளம்பு விலங்கின் சின்ன மண்டையோட்டில் நீண்ட கோரைப்பல் இருந்தால் திகைக்க வேண்டாம். ஆண் கேளையாட்டுக்கும் ஆண் சருகுமானுக்கும் அப்படி உண்டு. யானையின் மண்டையோட்டில் நெற்றி நடுவே தெரியும் பெரிய துளை கண் இல்லை, தும்பிக்கை தொடங்கும் மூக்குத்துளை.

கால் எலும்பு சொல்லும் நடை

ஆட்டின் பின்காலில் பின்னோக்கி மடங்கும் மூட்டை முழங்கால் என்று பலரும் நினைக்கிறோம். அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. ஆடு நிற்பது இரண்டு விரல்களின் நகநுனியில். குளம்பு என்பதே நகம்தான். குரங்கும் கரடியும் நாமும் உள்ளங்கால் பதித்து நடக்கிறோம். நாயும் பூனையும் விரல் பதித்து நடக்கின்றன.

இந்த நடை எலும்பில் பதிந்திருக்கிறது. ஆடு, மாடு, மான் இவற்றில் நம் உள்ளங்கை எலும்புகளுக்கு நிகரான இரண்டு எலும்புகள் ஒன்றாக ஒட்டி ஒரே நீண்ட தண்டாகிவிட்டன. ஒட்டிய இடத்தில் நெடுக ஒரு பள்ளக்கோடு. கீழ்முனையில் கிணற்றுக் கப்பி போல இரண்டு உருளைகள், விரலுக்கு ஒன்று. வயல்வெளியில் நீங்கள் அதிகம் காணப்போகும் எலும்பு இதுதான். குதிரைக்கும் கழுதைக்கும் ஒரே உருளை. பன்றிக்கு நான்கு தனித்தனி எலும்புகள். நாய்க்கும் தனித்தனியே. பின்கால் தண்டின் முன்பக்கப் பள்ளத்தைக் கீழ்முனை வரை விரலால் தடவுங்கள். ஆட்டிலும் மாட்டிலும் பள்ளம் திறந்தே முடியும். மானில் கடைசியில் ஒரு சிறு எலும்புப் பாலம் அதை மூடியிருக்கும்.

கரடியின் பாதத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஐந்து விரல், உள்ளங்கால் பதித்த நடை. நகம் கழன்ற கரடிப் பாத எலும்புகள் மனித எலும்புகளை மிகவும் ஒத்திருப்பதால், தடயவியலார் அவற்றைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறார்கள். ஐயம் வந்தால் அசைக்காதீர்கள் என்று முதலில் சொன்னதன் காரணம் இப்போது புரியும்.

உறுப்புகள் ஒன்றுக்கொன்று இணங்கியே இருக்கும் என்ற எண்ணத்தை அறிவியலாக நிறுவியவர் பிரான்சின் ஜார்ஜ் குவியே. பாரிசில் மோமார்த் குன்றின் ஜிப்சம் சுரங்கத்திலிருந்து வந்த பாறையில் ஒரு சின்ன விலங்கின் எலும்புக்கூடு பாதி தெரிந்தது. அதன் தாடையையும் பல்லையும் பார்த்து, அமெரிக்காவில் வாழும் ஒப்போசம் போலக் குட்டியைப் பையில் வளர்க்கும் இனம் என்றார். அப்படியானால் இடுப்பெலும்பின் முன்னால் அந்த இனத்துக்கே உரிய ஓரிணை எலும்புகள் இருந்தாக வேண்டும். சாட்சிகளை வைத்துக்கொண்டு பாறையை மெல்லக் கொத்தினார். சொன்ன இடத்தில் அந்த எலும்புகள் இருந்தன. இதை 1804இல் அவர் வெளியிட்டார். பல்லிலிருந்து இடுப்பைச் சொன்னது மந்திரம் இல்லை. எத்தனையோ எலும்புக்கூடுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பழகிய கண்ணின் உழைப்பு அது.

செத்த பின் நடந்தது

எலும்புக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று விலங்கின் வாழ்க்கை. மற்றொன்று அது இறந்த பிறகு எலும்புக்கு நேர்ந்தது. இரண்டாவதைப் படிக்காமல் விட்டால் முதலாவதையும் தவறாகப் படிப்போம்.

தென்னாப்பிரிக்காவின் மகபன்ஸ்காட் குகையில் ஏராளமான விலங்கெலும்புத் துண்டுகள் கிடைத்தன. சில பகுதிகள் மிக அதிகம், சில பகுதிகள் இல்லவே இல்லை. பழங்கால மனிதக்குரங்கு இனத்தவர் ஆயுதத்துக்கென்று பொறுக்கிச் சேர்த்த எலும்புகள் இவை, அவர்கள் கொலைகார வேட்டையாளர்கள் என்றார் ரேமண்ட் டார்ட். பல ஆண்டுகள் உலகம் அதை நம்பியது. சி. கே. பிரெயின் என்ற ஆய்வாளர் வேறு வழியில் போனார். நமீபியாவில் குயிசெப் ஆற்றோரச் சிற்றூர்களில் மக்கள் ஆட்டுக்கறி தின்றுவிட்டு எலும்பை வெளியே எறிவார்கள், நாய்கள் கடிக்கும், மிச்சம் வெயிலில் கிடக்கும். அந்த மிச்சத்தை எல்லாம் பொறுக்கி எண்ணினார். முன்னங்காலின் மேற்புற எலும்பில் கீழ்முனைகள் ஏராளம், மேல்முனைகள் அநேகமாக இல்லவே இல்லை. கீழ்முனை கெட்டியானது, குட்டிப் பருவத்திலேயே தண்டோடு ஒட்டிவிடுவது. மேல்முனை மென்மையானது, நாய் தின்றுவிடும். குகையிலும் அதே கணக்குத்தான் இருந்தது. ஆயுதம் பொறுக்கிய கை எதுவும் தேவைப்படவில்லை. விலங்கின் பல்லும் எலும்பின் உறுதியுமே அந்தக் கணக்கை விளக்கப் போதுமானவை. அதே நாட்டின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த பழங்கால மனிதக்குரங்குக் குழந்தை ஒன்றின் மண்டையோட்டில் இரண்டு துளைகள் இருந்தன. அவற்றின் இடைவெளி சிறுத்தையின் கோரைப்பற்களோடு பொருந்தியதையும் பிரெயின் காட்டினார். கொலைகாரர்கள் என்று பெயர் வாங்கியவர்களின் உறவினர் உண்மையில் இரையாக இருந்திருக்கிறார்கள்.

ஆட்டெலும்பும் தெருநாயும் இல்லாத ஊர் நம்மிடம் ஏது? பிரெயின் செய்த ஆய்வை நம் ஊர் மாணவர் எவரும் செய்யலாம். நாய் கடித்த எலும்பில் முனைகள் மென்று தேய்ந்திருக்கும், ஆங்காங்கே குழிகள் இருக்கும். எலியும் முள்ளம்பன்றியும் கொறித்த எலும்பில் உளியால் இழைத்ததுபோல இணைகோடுகள் ஓடும். முள்ளம்பன்றி எலும்புகளைத் தன் வளைக்கு இழுத்துச் சென்று குவிப்பதும் உண்டு. கறிக்கடைக் கத்தியின் வெட்டு, நேராக, கூர்மையாக, மூட்டுக்கு அருகில் இருக்கும்.

எவ்வளவு நாளாகக் கிடக்கிறது என்பதற்கும் குறிப்பு உண்டு. கென்யாவின் அம்போசெலியில் ஆய்ந்த அன்னா பெரன்ஸ்மேயர், வெட்டவெளியில் எலும்பு சிதைவதை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாக 1978இல் வகுத்தார். முதலில் எண்ணெய்ப் பசையோடு முழுமையாக இருக்கும். பிறகு நெடுக விரிசல் விடும். அப்புறம் செதில் செதிலாக உரியும். நார் நாராகச் சொரசொரக்கும். கடைசியில் தொட்டால் உதிரும். நிழலில் கிடந்ததா, வெயிலில் கிடந்ததா, ஈரத்திலா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். ஆகையால் ‘இத்தனை ஆண்டு’ என்று அடித்துச் சொல்லாதீர்கள். ‘இந்த நிலை’ என்று எழுதுங்கள்.

செத்த மாட்டை விரைவாகத் தின்று தீர்ப்பவை பாறு கழுகுகள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து இறைச்சி வழியே கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து அவற்றைக் கொன்றதை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். 2006இல் இந்தியா அதைக் கால்நடை மருத்துவத்தில் தடைசெய்தது. தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அந்தக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. கழுகு தின்ற உடலும் நாய்கள் இழுத்துப் பிய்த்த உடலும் விட்டுச்செல்லும் எலும்புகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. நிலத்தின் உடல்நலத்தையும் எலும்பில் படிக்கலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எதுவரை சொல்லலாம்?

செம்மறியா வெள்ளாடா? தொழில்முறை ஆய்வாளரையே தயங்க வைக்கும் கேள்வி இது. மண்டையோடு இருந்தால் செம்மறிக்குக் கண்குழிக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு, வெள்ளாட்டில் இல்லை. மற்ற எலும்புகளில் வேறுபாடு மிக நுட்பமானது. ஜெர்மனியின் யோவாக்கிம் பெஸ்னெக்கும் அவருடன் ஆய்ந்தவர்களும் எலும்பெலும்பாக ஒப்பிட்டு அந்த வேறுபாடுகளை 1960களில் தொகுத்தார்கள். அதன் பின்னும் சிறு துண்டாக இருந்தால் அறிஞர்கள் ‘செம்மறி அல்லது வெள்ளாடு’ என்றே எழுதுகிறார்கள். அதனினும் சிறிதானால் ‘நடுத்தர உடல் கொண்ட அசைபோடும் விலங்கு’. இப்படி எழுதுவது அறிவின் குறைவைக் காட்டுவதில்லை, அறிவின் நேர்மையைக் காட்டுகிறது.

கீழடியை நினைத்துப் பாருங்கள். அங்கே கிடைத்த விலங்கெலும்புகளில் 70 துண்டுகள் புனே டெக்கான் கல்லூரியில் ஆராயப்பட்டன. மாடு, எருமை, ஆடு இவற்றோடு நீலமான், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவையும் அடையாளம் காணப்பட்டன. கைப்பிடி அளவுத் துண்டுகள், அவற்றிலிருந்து வைகைக் கரையின் தொழுவமும் அதைச் சூழ்ந்த புல்வெளியும் நமக்குத் தெரிகின்றன. யாராவது ஒருவர் அந்தத் துண்டுகளைக் குப்பை என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் புல்வெளி நமக்குக் கிடைத்திருக்காது.

கடலோர மக்களுக்கும் ஒரு சொல். கெட்டியாக, உள்ளே வெற்றிடமே இல்லாமல், கல்போல் கனக்கும் விலா எலும்பு கிடைத்தால் அது ஆவுளியாவாக இருக்கலாம். கடலடியில் மேயும் கடல்பசுவுக்கு அந்தக் கனம் மூழ்கி நிற்க உதவுகிறது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் அதற்கான காப்பகமாக அறிவித்தது. ஆமை ஓடு ஒதுங்கினால் நடுவரிசைக்குப் பக்கவாட்டில் உள்ள தகடுகளை எண்ணுங்கள். பக்கத்துக்கு 4 என்றால் பேராமையாக இருக்கலாம், 6 அல்லது அதற்கு மேல் என்றால் பங்குனி ஆமை. வட்டத்தட்டு போன்ற பெரிய எலும்பு கிடைத்தால், அது இளம் திமிங்கிலத்தின் முள்ளெலும்பிலிருந்து கழன்ற மூடியாக இருக்கலாம், கன்றின் எலும்பில் முனை கழன்றதே, அதே கதை. எதுவானாலும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் எண்ணிக்கை அந்த உயிரினத்தின் கணக்கில் சேரும்.

நாம் செய்ய வேண்டியது

குவியே வென்றது ஒப்பிடுவதற்கு எலும்புகள் கையருகே இருந்ததால். நமக்கும் அதுதான் முதல் தேவை. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் எலும்புப் பெட்டி வேண்டும் என்று இந்த மேடையில் கேட்கிறேன். இதற்குக் காட்டுக்குப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சமைக்கும் கோழி, மீன், ஆட்டுக்கால், நல்லி எலும்பு, தலைக்கறியில் மிஞ்சும் தாடை போதும். கறியை நீக்கிவிட்டுச் சலவைத்தூள் கலந்த தண்ணீரில் சில நாள் ஊறவைத்துக் கழுவுங்கள். பளபளப்புக்காகக் குளோரின் கலந்த வெளுப்பான் போடாதீர்கள், அது எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் விலங்கின் பெயர், எலும்பின் பெயர், இடமா வலமா என்பதை மையால் எழுதுங்கள். கோழி, ஆடு, மீன் ஆகிய மூன்றின் முழு எலும்புக்கூடும் கைவசம் இருந்தால், வெளியே கிடக்கும் எலும்புகளில் பெரும்பகுதியை ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

பழைய கோயில் மாடத்திலும் பாழடைந்த கட்டடத்திலும் கூகை தங்கும் இடத்துக்குக் கீழே கறுப்பு உருண்டைகள் கிடக்கும். கூகை விழுங்கிய இரையில் செரிக்காத முடியும் எலும்பும் அவை. ஆசிரியர் துணையோடு, முகக்கவசம் அணிந்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலிகளின் மண்டையோடும் மூஞ்சூற்றின் தாடையும் முழுதாக வரும். ஊரைச் சுற்றி எத்தனை வகைச் சிற்றுயிர் வாழ்கிறது என்பதைப் பொறி வைக்காமல், ஓர் உயிரையும் கொல்லாமல் கணக்கெடுத்துவிடலாம்.

மாணவர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நாள், இடம், எந்த எலும்பு, எந்தக் கூட்டம், முனை ஒட்டியதா, பல் எத்தனை, கடித்த தடம் உண்டா, எந்த நிலையில் சிதைந்திருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். விலங்கின் பெயருக்கான கட்டத்தைக் கடைசியில் வையுங்கள். சான்று போதாத நாளில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடும் துணிவு உங்களுக்கு வேண்டும். நாளை அதை நிரப்பும் ஒருவருக்கு உங்கள் மற்றக் குறிப்புகள் எல்லாம் பயன்படும். அவசரத்தில் எழுதிய தவறான பெயரால் ஊரில் அச்சம் பரவும், ஆய்வு திசைமாறும், சில நேரம் குற்றமற்ற விலங்கின் மீது பழி விழும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம் எலும்பில் தொடங்கட்டும். அது நம் ஊரில் மற்றச் செய்திகளைப் பேசும் விதத்துக்கும் பரவ வேண்டும் என்பது என் விருப்பம்.